மேலே மூன்று பல், கீழே இரண்டு: இகொரோட் கேடயத்தின் ஊரையும் வயதையும் கணிப்பது எப்படி?

புதுச்சேகரம்:
எல்லாருக்கும் வணக்கம். ஏலப் பட்டியல் ஒன்றில் "இகொரோட் போர்க் கேடயம், 19ஆம் நூற்றாண்டு" என்று ஒன்று வந்திருக்கிறது. இகொரோட் என்றால் பிலிப்பைன்ஸின் வட லூசோன் மலைவாழ் மக்கள். ஒரே மரத்தில் செதுக்கியது. உயரம் 104 செ.மீ., அகலம் 31 செ.மீ., எடை 1.6 கிலோ. மேலே மூன்று பல், அதாவது பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள், கீழே இரண்டு. பற்களை ஒட்டி மேலும் கீழும் பிரம்புக் கட்டு. முன்பக்கம் நல்ல கருப்பு, பளபளவென்று இருக்கிறது. பின்பக்கம் பழுப்பு. கைப்பிடியைத் தனியாக ஒட்டவில்லை, மரத்திலேயே குடைந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு காகிதச் சீட்டு, அதில் ஆங்கிலத்தில் மையால் "காலிங்கா-அபயாவ், பி.ஐ., 1890" என்று எழுதியிருக்கிறது. விற்பவர் அந்தச் சீட்டைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார். ஏலம் வருவதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும், என்னென்ன படம் கேட்க வேண்டும்?

சீட்டுத்தேடி:
சீட்டிலிருந்தே தொடங்கலாம், வேலை சீக்கிரம் முடியும். அந்தச் சீட்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

"காலிங்கா-அபயாவ்" என்று கோடு போட்டு இணைத்த மாகாணம் 1966இல்தான் உருவானது. அதற்கு முன் 1908 முதல் எல்லாம் ஒரே மலை மாகாணம். காலிங்கா, அபயாவ், இஃபுகாவ், பொன்டோக், பெங்கெட் ஆகியவை அதன் துணை மாகாணங்கள். 1966இல் அதை நான்காகப் பிரித்தபோது காலிங்காவும் அபயாவும் ஒரே மாகாணமாயின. 1995இல் அவையும் தனித்தனியாகிவிட்டன. ஆக, அந்த இரட்டைப் பெயரை எழுதிய கை 1966க்குப் பிந்தைய கை.

"பி.ஐ." என்பது பிலிப்பைன் தீவுகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அமெரிக்க ஆட்சிக் காலத்து வழக்கம். 1946 விடுதலைக்குப் பிறகும் பழக்கத்தில் எழுதியவர்கள் உண்டு. ஆனால் 1890இல் அங்கே ஆண்டது ஸ்பெயின். அந்த வருஷம் ஒட்டிய சீட்டில் இந்த எழுத்து வர வழியே இல்லை.

இதனால் கேடயம் போலி என்று ஆகிவிடாது. பழைய பொருளில் பின்னாளில் யாரோ நினைவிலிருந்தோ வியாபாரத்துக்காகவோ எழுதி ஒட்டியிருக்கலாம். ஆனால் "1890" என்ற எண்ணுக்கு இப்போது ஒரு ஆதாரமும் இல்லை. அந்த எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

சீட்டை யூ.வி. (புற ஊதா) விளக்கில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காகிதம் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டி கலந்திருக்கிறது. அது 1950ஐ ஒட்டித்தான் காகிதத்தில் பரவலானது. பழைய காகிதம் மங்கலாக, மஞ்சளாகவே இருக்கும். மை பால்பாயிண்ட் பேனாவுடையதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள்: கோட்டின் நடுவே வெளிறிய தடம், திருப்பங்களில் சிறு மைக்கட்டி. அப்படியிருந்தால் 1945க்கு முன்பு போகவே முடியாது. அமெரிக்க முகவரியோடு ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963க்குப் பின்.

வடலூசோன்:
சீட்டைப் பற்றிச் சொன்னது சரி. நான் வடிவத்துக்கு வருகிறேன்.

முதலில், "இகொரோட்" என்பது பட்டியல் போடுகிறவர்களுக்கு வசதியான குடைப்பெயர். வட லூசோனின் கோர்டில்லெரா மலைத்தொடரில் பொன்டோக், காலிங்கா, இஃபுகாவ், கங்கனாய், இபலோய் என்று பல மக்கள். மேற்கே அப்ரா பக்கம் திங்குவியன், அதாவது இட்னெக். கேடயமும் ஊருக்கு ஊர் மாறும். "இகொரோட்" என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மேலே மூன்று, கீழே இரண்டு பல் என்பது பொன்டோக், காலிங்கா, திங்குவியன் பக்கத்துப் பொது அமைப்பு. பொன்டோக் கேடயம் சுமார் 3 அடி நீளம், 1 அடி அகலம். பல் அகலமாக, கொஞ்சம் குட்டையாக இருக்கும். வடக்கே காலிங்கா பக்கம் போகப் போகப் பல் நீண்டு ஒல்லியாகும், உடல் நடுவில் சிறுத்து வடிவம் நளினமாகும். முன்பக்கம் கீறல் கோடுகளும் சிவப்பு, கருப்புப் பூச்சும் இந்தப் பக்கம்தான் அதிகம். தெற்கே பனாவே, கியாங்கன் போன்ற இஃபுகாவ் ஊர்களில் பல் சுருங்கி வெறும் முனையாக நிற்கும், முகப்பும் வெறுமையாக இருக்கும். திங்குவியனையும் காலிங்காவையும் வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கிட்டத்தட்ட இயலாது. அண்டை அயலார், ஒரே மாதிரி செய்கிறவர்கள். எங்கே வாங்கியது என்ற பழைய குறிப்பு இருந்தால்தான் அங்கே பெயர் வைக்க முடியும்.

நீங்கள் சொன்ன அளவில் மூன்று பல்லின் நீளம் இல்லை. நடுப்பல்லின் நுனியிலிருந்து பல் பிரியும் கவை வரை எத்தனை செ.மீ., கவையில் பல்லின் அகலம் எத்தனை என்று கேளுங்கள். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால் வடக்கு என்று சாயலாம். இது என் கைக்கணக்கு, சூத்திரம் இல்லை.

சீட்டில் "பாகுயோ" என்று இருக்கும் கேடயங்களும் சந்தையில் நிறைய. பாகுயோ கடைத்தெரு. அங்கே வாங்கினார்கள் என்பதைத் தவிர அந்தப் பெயர் வேறொன்றும் சொல்லாது. பாகுயோவைச் சுற்றி பெங்கெட் இருப்பதால் "பெங்கெட் கேடயம்" என்றும் எழுதிவிடுகிறார்கள். அதையும் அதே கண்ணோடு பாருங்கள்.

கேள்விக்குறி:
பல் எதற்கு? அழகுக்கா?

வடலூசோன்:
திங்குவியன் மக்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் ஃபே-கூப்பர் கோல் 1922இல் எழுதியதில் விளக்கம் இருக்கிறது. மேலே உள்ள மூன்று பல்லை எதிராளியின் கால்களுக்கிடையே செருகி இடறி விழவைப்பது, கீழே உள்ள இரண்டு பல்லை விழுந்தவன் கழுத்தில் கவ்வவைத்து ஒரே வெட்டில் தலையை எடுப்பது. விற்பவர்கள் இந்தக் கதையைக் கேடயத்துக்குக் கேடயம் ஒட்டுவார்கள். கதை பொதுவானது, உங்கள் கையில் இருக்கும் கேடயம் அதைச் செய்தது என்பதற்குச் சான்று ஆகாது.

மரக்கண்:
எடைக் கணக்கு ஒன்று போடலாம். 104 × 31 என்றால் 3,224 சதுர செ.மீ. பல் இடைவெளிகளைக் கழித்தால் ஏறக்குறைய 2,600. தடிப்பு 1 செ.மீ. என்றால் 2,600 கன செ.மீ. இந்தக் கேடயங்களை லேசான மரத்தில்தான் செய்வார்கள், நாள் முழுக்கக் கையில் தூக்க வேண்டுமே. அடர்த்தி 0.35 உள்ள மரமானால் 0.9 கிலோ வரும். முன்பக்கக் குமிழும் கைப்பிடியும் சேர்த்து ஒரு கிலோவைத் தாண்டும். அடர்த்தி 0.6ஐ ஒட்டிய நர்ரா மாதிரி மரமானால் உடல் மட்டுமே 1.56 கிலோ. உங்கள் 1.6 கிலோ இரண்டு வழியிலும் வரலாம்: லேசான மரம் ஒன்றரை செ.மீ. தடிப்பில், இல்லையென்றால் கனமரம் ஒரு செ.மீ. தடிப்பில். தடிப்பு தெரியாமல் எடையை வைத்துப் பேச முடியாது.

தடிப்பை ஓரத்தில் ஆறு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வாய்ச்சியாலும் கத்தியாலும் செதுக்கிய பலகை இடத்துக்கு இடம் 2, 3 மி.மீ. மாறும். ஆறு இடத்திலும் ஒரே எண் வந்தால் அது இயந்திரத்தில் இழைத்த பலகை.

அடுத்து பின்பக்கத்தைச் சாய்வொளியில் எடுத்த படம். ஜன்னலை ஒரு பக்கம் வைத்து, மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எடுத்தால் போதும். கையால் செதுக்கியதில் ஆழமில்லாத சிறு சிறு தட்டைகள் தெரியும், நாரோட்டத்தோடு லேசாகக் கோணித்து. வளைவான, சம இடைவெளிக் கோடுகள் என்றால் வட்டரம்பம். நாருக்குக் குறுக்கே நெருக்கமாக நேர்கோடுகள் என்றால் பட்டைரம்பம். மெல்லிய இணைக் கீறல்கள் சந்து பொந்தெல்லாம் ஓடினால் உப்புத்தாள். முன்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மழுப்பிவிடலாம். பின்பக்கத்தில், முக்கியமாகக் கைப்பிடிக் குடைவின் அடியில், யாரும் அவ்வளவு உழைப்பதில்லை.

கைப்பிடியின் உட்பக்கத்தை மேலிருந்து கீழ்நோக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பொன்டோக் பற்றி 1905இல் அமெரிக்க மானிடவியலாளர் ஜெங்க்ஸ் எழுதியபடி குடைவு சிறியது: மூன்று விரல்தான் உள்ளே போகும், கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெளியே நின்று கேடயத்தைச் சாய்க்கும், திருப்பும். அதனால் தேய்மானம் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் விழ வேண்டும்: பிடியின் உட்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு மழமழப்பு, பிடியின் மேலும் கீழும் பலகையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் அழுத்திய இரண்டு மங்கல் பள்ளம். பிடி முழுக்க ஒரே சீராகப் பளபளத்தால் துணியால் தேய்த்திருக்கிறார்கள். முழுக்கை தாராளமாகப் போகிற பெரிய குடைவு என்றால் சுவரில் மாட்டச் செய்ததோ என்று கேட்க வேண்டியிருக்கும்.

சீட்டுத்தேடி:
மரக்கண் சார், பிரம்பையும் சொல்லிவிடுங்கள். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான்.

மரக்கண்:
சொல்கிறேன். பல்லெல்லாம் நாரோட்டத்தோடே ஓடுவதால் கவையில் அடி பட்டால் விரிசல் நேராக உடலுக்குள் இறங்கும். அதைத் தடுக்கத்தான் கவைக்குச் சற்று உள்ளே, குறுக்கே துளையிட்டுப் பிரம்புப் பட்டையைக் கோத்து இறுக்குகிறார்கள். மேலே மூன்று பல்லின் அடியில் ஒன்று, கீழே இரண்டு பல்லுக்கு மேல் ஒன்று. பிளவு வந்து இந்தக் கட்டில் முட்டி நின்றிருந்தால், கட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அது நல்ல அறிகுறி.

கையால் பிளந்த பிரம்பு அகலத்தில் கொஞ்சம் ஏறி இறங்கும். கடைப்பிரம்பு ஒரே அகலம். பிளாஸ்டிக் நாரைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உருப்பெருக்கியில் நார்க் குழாய்கள் தெரியாது.

ஆனால் பிரம்பு புதிதாக இருப்பதால் கேடயம் புதிது என்று முடிவு கட்டாதீர்கள். பிரம்பு காய்ந்து ஒடியும், மாற்றுவது வழக்கம். பார்க்க வேண்டியது துளையை. பழைய துளையின் விளிம்பு பிரம்பு அறுத்து வட்டம் குலைந்து, இழுத்த திசையில் நீண்டிருக்கும். உள்ளே அழுக்கு சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். புதுப் பிரம்பும் பழைய துளையும் என்றால் பழுது பார்த்தது. புதுத் துளையில் கருப்புச் சாயம் ஏற்றிய பிரம்பு என்றால் பழசு மாதிரி காட்டச் செய்தது. துளை முழுவட்டமாக, எல்லாம் ஒரே விட்டத்தில், உள்சுவர் வெளிறி இருந்தால் மின்துளைப்பான்.

கட்டுக்கு அடியில் ஒரு கண். பிரம்பை அரை மி.மீ. நகர்த்த முடிந்தால் கீழே இருக்கும் மரத்தின் நிறத்தைப் பாருங்கள். வருஷக்கணக்கில் புகை பட்டதென்றால் கட்டுக்கு அடியில் வெளிறிய நிழல் இருக்கும். அடியிலும் அதே கருப்பு, சொட்டுச் சொட்டாக ஓடியிருந்தால் சாயத்தைப் பூசிவிட்டுப் பிறகு கட்டியிருக்கிறார்கள்.

கேள்விக்குறி:
கருப்பே சந்தேகமா? அடுப்புப் புகையில் தொங்கினால் கருக்கத்தானே செய்யும்.

மரக்கண்:
கருக்கும். ஆனால் ஒரே மாதிரி கருக்காது. அடுப்புக்கு மேலே தொங்கிய பொருளில் அறையைப் பார்த்த பக்கம் ஒரு மாதிரி, சுவரை ஒட்டிய பக்கம் ஒரு மாதிரி இருக்கும். மேடுகளில் கை பட்டு மெருகேறும், பள்ளங்களில் மட்டாக நிற்கும். உங்கள் படத்தில் பளபளப்பு பள்ளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பஞ்சில் துளி வடிநீர் தொட்டு, பின்பக்க ஓரத்தில் ஒரு செ.மீ. இடத்தில் உருட்டிப் பார்க்கலாம். சாம்பல் நிற அழுக்கு லேசாக வந்தால் கவலையில்லை. தேநீர் மாதிரி பழுப்பு ஒழுகினால் நீர்ச்சாயம். டர்பெண்டைன் தொட்ட பஞ்சில் கருப்பு அப்பினால் செருப்பு பாலீஷோ தாரோ. இந்தச் சோதனை உங்கள் சொந்தப் பொருளில் மட்டும்; வாங்காத பொருளில் கை வைக்க வேண்டாம். சிவப்பு, கருப்புப் பூச்சுள்ள முகத்தில் ஒருபோதும் வேண்டாம்.

யூ.வி. விளக்கில் அரக்கு ஆரஞ்சாக ஒளிரும், பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை மஞ்சளாக, செயற்கை வார்னிஷ் பால் கலந்த நீலமாக. மேலே வார்னிஷ் இருந்தாலும் கேடயம் பழசாக இருக்கலாம்: வரவேற்பறையில் மாட்டியவர்கள் பூசிவிடுவார்கள். வார்னிஷ் வேல் குத்திய துளைக்குள் இறங்கியிருக்கிறதா, பல்லின் உடைந்த நுனியை மூடியிருக்கிறதா என்று பார்த்தால் எது முதலில் நடந்தது என்று தெரியும்.

புதுச்சேகரம்:
மிக்க நன்றி. வேல் குத்து என்றதும் நினைவு வருகிறது: முன்பக்கம் மூன்று துளைகள். "போரில் பட்டது" என்கிறார்கள். பிடி நன்றாகத் தேய்ந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். அதைப் பழமைக்குச் சான்றாக எடுக்கலாமா?

வடலூசோன்:
தேய்மானம் பயன்பாட்டைச் சொல்லும், வயதைச் சொல்லாது. கங்சா என்ற சேகண்டியைத் தட்டி ஆடும் ஆட்டங்களில் கேடயம் இன்றும் கையில் போகிறது. 1970இல் செய்து முப்பது வருஷம் ஆடிய கேடயத்தில் அத்தனை அடையாளமும் உண்மையாகவே இருக்கும், ஒரு மோசடியும் இல்லாமல். மறுபக்கம், 1906இல் புதிதாக வாங்கி அருங்காட்சியக இழுப்பறையில் வைத்தது இன்று தேய்மானமே இல்லாமல் கிடக்கும். அமெரிக்க நிர்வாகம் தலைவேட்டையை ஒடுக்கிய காலத்திலும் கேடயம் செய்வது நிற்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மரக்கண்:
துளைகளுக்கு: வேல் முனை மரத்தைக் கிழித்து நுழையும். முன்பக்க நார் உள்நோக்கி மடங்கியிருக்கும், பின்பக்கம் சிலாம்பு வெளியே தெறித்திருக்கும். துளை நாரோட்டத்தோடு நீண்ட கீற்றாக இருக்கும். உளியால் குத்தியதில் ஓரம் வெட்டிச் சதுரமாக இருக்கும், பின்பக்கம் சுத்தமாக இருக்கும். துளைக்குள் மரம் வெளிறியிருந்தால் நேற்றைய போர்தான். ஒன்று முதல் இரண்டு மி.மீ. உருண்டைத் துளைகள் என்றால் அது எதிரி இல்லை, வண்டு.

அறிவியல்ரசிகன்:
இவ்வளவு எதற்கு? கொஞ்சம் சுரண்டி கார்பன்-14 காலக்கணிப்புக்கு அனுப்பினால் முடிந்ததே?

மரக்கண்:
இந்தக் காலத்துக்கு அது கைகொடுக்காது. ஏறக்குறைய 1650 முதல் 1950 வரை கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டு வளைகோடு ஏறி இறங்கித் தட்டையாகக் கிடக்கிறது. 1700 என்றும் வரும், 1820 என்றும் வரும், 1910 என்றும் வரும், எல்லாம் ஒரே சோதனையில். விற்பவர் அதில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்.

ஒன்றுக்கு மட்டும் அது உறுதியானது. 1955க்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறி 1963–65 வாக்கில் உச்சம் தொட்டது. அந்தக் கூடுதல் மரத்தில் இருந்தால் மரம் அதற்குப் பின் வளர்ந்தது. "19ஆம் நூற்றாண்டு" அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் மரம் 1955க்கு முன் வளர்ந்தது என்பதோடு சரி, எப்போது செதுக்கினார்கள் என்று தெரியாது. பழைய வீட்டு மரத்தை எடுத்துச் செதுக்கும் வேலையும் உண்டு. ஆனால் வீட்டுக்குப் போடுவது வன்மரம், எடையில் மாட்டிக்கொள்ளும். மர வளைய எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். வெப்பமண்டல மென்மரத்தில் வளையம் ஒழுங்காக விழாது.

உலோகம் இருந்தால் அது இதைவிட மலிவான சோதனை. சிலுவைத் தலைத் திருகாணி என்றால் 1930களின் நடுப்பகுதிக்குப் பின். அது பின்னால் போட்ட மாட்டுக்கொக்கியாக இருக்கலாம். ஆணித் துளையைச் சுற்றி மரத்தின் நிறம் அதைச் சொல்லும்.

சீட்டுத்தேடி:
19ஆம் நூற்றாண்டு என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கவை எப்படிப்பட்டவை என்றால், ஹான்ஸ் மேயர் 1882இல் அந்த மலைக்குப் போனவர், அலெக்சாண்டர் ஷாடென்பெர்க் 1896இல் இறந்துபோனவர். இவர்களைப் போன்றவர்கள் வழியாக ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ப் பதிவேட்டில் ஏறியவை. அடுத்த பெரிய அலை அமெரிக்கர்களுடையது: 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சி, பிறகு 1906–10இல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் சேகரப் பயணம். வெளிச்சந்தையில் வருகிற நல்ல கேடயங்களும் பெரும்பாலும் இந்த அமெரிக்க அலையிலோ அதற்குப் பின்போ கிளம்பியவை.

பின்பக்கம் சாயத்தில் எழுதிய எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எந்த நிறுவனத்தின் எண் முறை என்று அந்த நிறுவனத்தின் பதிவாளருக்கே எழுதலாம்; பதில் போடுகிறார்கள். எண்ணைச் சுரண்டிய தடம் இருந்தால் ஏன் சுரண்டினார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய புகைப்படத்தோடு ஒப்பிடும்போதும் கவனம்: ஸ்டுடியோவில் ஒரே கேடயத்தைப் பல பேர் கையில் கொடுத்து எடுத்த படங்கள் உண்டு. படத்தின் ஊரைக் கேடயத்தின் ஊராக எடுத்துக்கொள்ள முடியாது.

சட்டமும் பாருங்கள். பிலிப்பைன்ஸில் 1966இலேயே பண்பாட்டுப் பொருள்களுக்கான குடியரசுச் சட்டம் 4846 வந்துவிட்டது. 2010 முதல் சட்டம் 10066. இப்போது அங்கிருந்து நேரே வருவதென்றால் ஏற்றுமதி அனுமதி கேளுங்கள். எப்போதோ வெளியேறியது என்றால் அந்த "எப்போதோ"வுக்கு ஒரு ரசீது, கப்பல் சீட்டு, பழைய ஏலப் பட்டியல், ஏதாவது ஒன்று வேண்டும். வயதுக்கும் அதுதான் ஆதாரம் என்பதால் ஒரே கேள்வியில் இரண்டு வேலை.

புதுச்சேகரம்:
விற்பவரிடமிருந்து பதில் வந்தது. தடிப்பு ஆறு இடத்தில் 9 முதல் 13 மி.மீ. பல் நீளம் 24 செ.மீ., கவையில் அகலம் 6. பிடிக்குள் மூன்று விரல்தான் போகிறது. பிரம்புத் துளைகள் நீண்டு தேய்ந்திருக்கின்றன, பிரம்பு மட்டும் புதிது. சீட்டு யூ.வி.யில் நீலமாக ஒளிர்கிறது. முன்பக்கம் முழுக்கப் பால் நீலம். மூன்று துளையும் பின்பக்கம் சுத்தமாக இருக்கின்றன.

வடலூசோன்:
கேடயம் கையால் செய்தது, உபயோகத்தில் இருந்தது, வடக்கத்தி வடிவம். "காலிங்கா அல்லது திங்குவியன்" என்று எழுதலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மரக்கண்:
சராசரி 11 மி.மீ. தடிப்புக்கு 1.6 கிலோ என்றால் குமிழும் பிடியும் போக அடர்த்தி அரைக்குச் சற்று அருகே வரும். ரொம்ப லேசும் இல்லை, வன்மரமும் இல்லை. ஏற்கலாம். வார்னிஷ் பின்னால் பூசியது. போர்த் துளைகள் யாரோ சேர்த்தது, அதற்கு விலையில் கழியுங்கள்.

சீட்டுத்தேடி:
பட்டியலுக்கு என் யோசனை: "கேடயம், கோர்டில்லெரா, வட லூசோன், காலிங்கா அல்லது திங்குவியன், 20ஆம் நூற்றாண்டு, பிரம்பு மாற்றப்பட்டது, முகத்தில் பிற்கால வார்னிஷ், பிற்காலத் துளைகள், சீட்டு 1966க்குப் பின்." முற்பாதி என்று சுருக்க ரசீது வேண்டும். 19ஆம் நூற்றாண்டு விலைக்கு நிச்சயம் போகாதீர்கள்.

புதுச்சேகரம்:
20ஆம் நூற்றாண்டு விலைக்கே கேட்கிறேன். சிறு வண்டுத் துளைகளும் இருக்கின்றனவாம், வாங்கினால் அதற்கு என்ன செய்வது? அடியில் வெளிர் மாவு கொட்டுகிறது என்கிறார்.

மரக்கண்:
வெளிர் மாவு என்றால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். கறை போகாது, பின்னால் எந்தச் சோதனையும் செய்ய முடியாது. தடித்த பாலித்தீனில் காற்றை வெளியேற்றிச் சுற்றி ஒட்டுங்கள். மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அறையிலேயே விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துப் பூச்சு உரியும். வார்னிஷ் உரிந்து தூக்கியிருக்கும் இடம் இருந்தால் உறைவிப்பானுக்கு அனுப்பும் முன் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். பிறகு கருப்புக் காகிதம் விரித்து அதன்மேல் ஒரு மாதம் கிடத்துங்கள். புதிதாக மாவு விழாவிட்டால் சுவரில் மாட்டலாம். பிரம்பில் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டாம், இரண்டு பல்லுக்கு அடியில் தாங்கி கொடுங்கள்.